மலத்தில் ரத்தம், ஹீமோகுளோபின் 9.2: கொலனோஸ்கோப்பி தனியாரிலா, அரசிலா? (கடலூர் – புதுச்சேரி)

கெடிலக்கரை:

மாமனாருக்கு 62 வயது, ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். இரண்டு மாதமாக மலத்தோடு ரத்தமும் சளியும் போகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து முறை போகிறார். போய் வந்த பிறகும் இன்னும் இருப்பது போலவே இருக்கிறதாம். மூலம் என்று உள்ளூரில் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள், கேட்கவில்லை. ஹீமோகுளோபின் 9.2. வயிற்று ஸ்கேன் நார்மல். சர்க்கரை உண்டு: மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின். தினம் ஆஸ்பிரின் 75. இப்போது இரும்புச் சத்து மாத்திரையும்.

குடல் கேன்சர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வருகிற செவ்வாயே கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து தருகிறார்களாம், சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, கேன்சர் பரவலைத் தேடும் பெட் ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். புதுச்சேரியில் உள்ள அரசு மருத்துவமனையான ஜிப்மர் போனால் நாளாகும் என்கிறார்கள். வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. தனியாரில் எடுத்த ரிப்போர்ட்டை ஜிப்மரில் ஏற்றுக்கொள்வார்களா? எதில் தொடங்குவது?


உப்பனாறு:

எங்கே ஸ்கோப் என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. இதுவரை யாராவது ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார்களா? உங்கள் பதிவில் அது இல்லை. மூலம் என்று மாத்திரை எழுதியவர் பார்த்திருக்க மாட்டார் என்றே படுகிறது.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள், அதாவது சளி, அடிக்கடி போவது, போயும் திருப்தியில்லாமை, மூன்றும் சேர்ந்தால் மலக்குடலைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். மலக்குடல் சுமார் 15 செ.மீ. நீளம். கையுறை போட்ட விரல் அதில் கீழ்ப்பாதி வரை, ஏழெட்டு செ.மீ. போகும். கட்டி அந்த எல்லைக்குள் இருந்தால் இரண்டு நிமிடத்தில் கைக்குத் தட்டுப்படும். மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் அறுவை சிகிச்சை ஓபிக்குக் காலையில் போனால் அன்றைக்கே பார்த்துவிடுவார்கள், காசும் கிடையாது. குறிஞ்சிப்பாடியிலிருந்து சிதம்பரம் தோதுப்பட்டால் அண்ணாமலை நகரில் பழைய ராஜா முத்தையா, இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கேயும் போகலாம்.

அந்த இரண்டு நிமிடத்தில் வழி பிரிகிறது. கட்டி தட்டுப்பட்டால் தனியார் பேக்கேஜ் பேச்சே வேண்டாம். ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொண்டு நேராக ஜிப்மர். தட்டுப்படாவிட்டால் கேன்சர் இல்லை என்று அர்த்தமில்லை, மேலே இருக்கலாம். அப்போது முழு கொலனோஸ்கோப்பி எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே எடுங்கள். அது தனியார் என்றாலும் தப்பில்லை.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். "மலத்தில் ரத்தம், மேற்சிகிச்சைக்கு" என்று மட்டும் இருந்தால் மூல நோயாளிகளின் வரிசையில்தான் உட்கார வேண்டிவரும். வயது, எத்தனை வாரமாக, ஹீமோகுளோபின் எவ்வளவு, விரலில் என்ன தட்டுப்பட்டது, ஆசனவாயிலிருந்து எத்தனை செ.மீ.யில், "மலக்குடல் புற்றுநோய் சந்தேகம்" என்ற சொல், இவ்வளவும் இருக்கட்டும். எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள்.

வயிற்று ஸ்கேன் நார்மல் என்று நிம்மதி வேண்டாம். அல்ட்ராசவுண்டில் குடலின் உள்சுவர் தெரியாது. குடலில் இருக்கும் காற்று மறைத்துவிடும். அதுபோலவே, கண்ணுக்கே ரத்தம் தெரிகிறபோது மலத்தில் மறைந்த ரத்தம் தேடும் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அதில் என்ன வந்தாலும் ஸ்கோப் செய்தே ஆகவேண்டும்.


வில்லியனூர் பாசஞ்சர்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். தட்டுப்படாமல் தனியாருக்குப் போவதாக இருந்தால் பேக்கேஜைப் பிரியுங்கள். பெட் ஸ்கேன் இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை. பயாப்சி (கட்டியில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) முடிவு வருவதற்கு முன்னால் பெட் ஸ்கேன் எடுப்பது ஜாதகம் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி. சி.இ.ஏ.யும் கேன்சரைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் இல்லை. ஆரம்ப நிலைக் கட்டியில் நார்மலாக இருக்கும், புகை பிடிப்பவருக்குக் கட்டியே இல்லாமல் ஏறியிருக்கும். கேன்சர் உறுதியான பிறகு, சிகிச்சைக்கு முந்தைய அளவு என்ன என்று குறித்துவைக்கத்தான் அது பயன்படும்.

நீங்கள் வாங்க வேண்டியது ஒரு முழு கொலனோஸ்கோப்பியும் பயாப்சியும் மட்டும். போனிலேயே கேட்டுவிடுங்கள்: பெருங்குடல் தொடங்கும் இடமான சீக்கம் வரை போவீர்களா, இல்லை கீழ்ப்பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோப்பியா? சிலர் பாதிக் குடல் பார்த்துவிட்டு ரசீதில் ஸ்கோப் என்று போட்டுவிடுகிறார்கள். குடல் கேன்சர் உள்ளவர்களில் நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இன்னொரு இடத்திலும் கட்டி இருக்கும். அதனால் கீழே கட்டி தெரிந்தாலும் மேலே போய்ப் பார்த்தாக வேண்டும். மயக்க டாக்டர் கட்டணம், பயாப்சி கட்டணம் தனியா என்றும் கேளுங்கள். பயாப்சிக்குப் பல இடங்களில் பாட்டில் கணக்கில் பில் வரும்.

இரும்புச் சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை என்று உறுதியானால் (ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியும்) வாய் வழி எண்டோஸ்கோப்பியையும் அதே மயக்கத்தில் முடித்துவிடச் சொல்லுங்கள். ஸ்கோப்பில் ரத்தம் வரும் இடம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் அது வேண்டியிராது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டேபிளை விட்டு நகராமல் இவற்றைப் பாருங்கள். சீக்கம் தொட்டதற்கு ஆதாரமாகக் குடல்வால் துவாரத்தின் படம், சிறுகுடல் சேரும் வால்வின் படம். குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதற்குப் பாஸ்டன் ஸ்கோர்: குடலை மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, ஏதாவது ஒரு பகுதி 2-க்குக் கீழே இருந்தால் அந்தப் பகுதியைப் பார்த்ததாகக் கணக்கில்லை. வெளியே எடுக்கும்போது குறைந்தது 6 நிமிடம் பார்த்திருக்க வேண்டும். கட்டி இருந்தால் ஆசனவாயிலிருந்து எத்தனை செ.மீ., குடல் வட்டத்தில் எவ்வளவு அடைத்திருக்கிறது, ஸ்கோப் அதைத் தாண்டிப் போனதா இல்லையா. தாண்டவில்லை என்றால் மீதிக் குடலை யார் எப்போது பார்ப்பது என்பதும் எழுதியிருக்க வேண்டும். பெருங்குடலில் சின்னக் கட்டியாக இருந்தால் பக்கத்தில் மை ஊசி போட்டு அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிறகு ஆபரேஷன் செய்பவர் இடம் தெரியாமல் தேடுவார்.

பயாப்சி ஆறு முதல் எட்டுத் துண்டு எடுக்கட்டும். ஒன்றிரண்டு எடுத்தால் மேல்தோல் அழுகல் மட்டும் வந்து, "கேன்சர் தெரியவில்லை, மறுபடி எடுக்கவும்" என்று வரும். பத்து நாள் போய்விடும். நம் ஊரில் இன்னொன்று: சீக்கம் பக்கத்தில் புண்ணும் சுருக்கமுமாக இருந்தால் அது குடல் டிபியாகவும் இருக்கலாம், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அப்படி இருந்தால் சில துண்டுகளைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போடாமல் சலைனில் (உப்புநீரில்) தனியாகப் போட்டு டிபி டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் விழுந்த துண்டில் கிருமியை வளர்க்கவே முடியாது. ஸ்கோப் நடக்கும்போதே இது முடிவாக வேண்டும், அதனால் உள்ளே போகும் முன்பே டாக்டர் காதில் போட்டுவையுங்கள்.

ஜிப்மரில் ஏற்பார்களா என்ற கேள்விக்கு: ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் நம்பி யாரும் கீமோவோ ஆபரேஷனோ தொடங்கமாட்டார்கள். எந்தப் பெரிய கேன்சர் மையமானாலும் ஸ்லைடையும் பயாப்சித் துண்டைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கையும் தங்கள் நோய்க்குறியியல் பிரிவில் மறுபடி பார்ப்பார்கள். பிளாக் கையில் இருந்தால் ஸ்கோப்பை மறுபடி செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பில் கட்டும்போதே "பிளாக், ஸ்லைடு இரண்டும் வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். லேப் சென்னையில் இருந்தால் வந்துசேர ஒரு வாரம்கூட ஆகும்.


தேவனாம்பட்டினம்:

பண விஷயம் கொஞ்சம். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆனால் அது ரொக்கமில்லாத் திட்டம். நீங்கள் முதலில் கட்டிவிட்டு, பிறகு ரசீது காட்டி வாங்க முடியாது. முன் அனுமதி வந்த பிறகு நடப்பதற்குத்தான் பணம். செவ்வாய்க்கிழமை தனியாரில் ஓபியில் ஸ்கோப் செய்தால் அது உங்கள் கைக்காசு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை இருக்கிறது என்பதோடு நிற்காமல், மாமனார் பெயர் அதில் இருக்கிறதா, ரேஷன் கார்டில் உள்ளபடியே எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் திருத்தலாம்; ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று (வருடம் 1,20,000 ரூபாய்க்குள்) எடுத்துப் போங்கள். இலவச எண் 1800 425 3993. கேட்கும்போது "அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். "குடல் கேன்சர் அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றுக்கும் இருக்கிறதா" என்று கேளுங்கள். ஒன்றுக்கு இருந்து இன்னொன்றுக்கு இல்லாத இடங்கள் உண்டு. மாநில எல்லை தாண்டுகிறீர்கள் என்பதால் ஜிப்மரிலும் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே அட்டையைக் காட்டிவிடுங்கள்.

தனியார் கம்பெனி பாலிசி ஏதாவது இருந்தால் கதை வேறு. பெரும்பாலான பாலிசிகளில் அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாள் பரிசோதனைச் செலவைப் பிறகு வாங்கலாம். அதற்கு ஒவ்வொரு பில்லுக்கும் டாக்டர் சீட்டு வேண்டும், ஒரிஜினல் வேண்டும்.

தனியார், அரசு என்று இரண்டாக மட்டும் ஏன் பிரிக்கிறீர்கள்? கடலூர் – புதுச்சேரி சாலையில் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் வழியிலேயே தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஸ்கோப், நோய்க்குறியியல், சி.டி. மூன்றும் ஒரே வளாகத்தில் இருப்பதால் பிளாக்குக்கு அலைய வேண்டாம். விலையும் விசாரித்துப் பாருங்கள்.

என் கணக்கு இதுதான்: பரிசோதனை ஆயிரங்களில் முடியும், சிகிச்சை லட்சங்களில் போகும், மாதக்கணக்கில் நீளும். நாட்களை மிச்சம் பிடிக்கத் தனியாருக்குக் காசு கொடுங்கள். ஆனால் ஸ்கோப் செய்த இடத்திலேயே "நாளைக்கே ஆபரேஷன், படுக்கை காலியாக இருக்கிறது" என்றால் தலையாட்டாதீர்கள்.


கெடிலக்கரை:

மிக்க நன்றி. நாளை மஞ்சக்குப்பம் போகிறோம். எப்படியும் ஸ்கோப் உண்டு என்பதால் இன்னொன்று: குடலைச் சுத்தம் செய்யும் பவுடர், சர்க்கரை மாத்திரை எல்லாம் எப்படி? கொடுத்த தாளில் "முந்தின நாள் திரவ உணவு" என்று ஒரே வரி.


வில்லியனூர் பாசஞ்சர்:

அந்த ஒரே வரியால்தான் பாதி ஸ்கோப் வீணாகிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தி இருந்தால் பவுடரைத் தொடவே கூடாது. குடல் அடைத்திருக்கிற இடத்துக்கு மேலே இரண்டு லிட்டரை ஊற்றினால் குடல் வெடிக்கும் அளவுக்குப் போகலாம். அன்றைக்கு ஓபி இல்லை, நேராக கேஷுவாலிட்டி.

இரும்புச் சத்து மாத்திரையை ஸ்கோப்புக்கு 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். மலம் தார் மாதிரி கறுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், எந்தப் பவுடரும் கழுவாது. அதுவரை ரத்தம் ஏற வேண்டுமென்றால் நரம்பு வழி இரும்பு ஊசி போடலாம், அது குடலைக் கறுக்காது. உங்கள் செவ்வாய்க்கிழமைக்கு ஏழு நாள் இல்லையென்றால் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள்.

டாபாகிளிஃப்ளோசினைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பட்டினியோடு அது சேர்ந்தால் சர்க்கரை அளவு சுமாராக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும். பொதுவாக 3 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். கிளிமிபிரைடைத் திரவ உணவு தொடங்கும் நாளிலிருந்து நிறுத்துவது வழக்கம், இல்லாவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். மெட்ஃபார்மின் ஸ்கோப் அன்று வேண்டாம். இவற்றைச் சர்க்கரை டாக்டரிடம் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். ஆஸ்பிரின் 75 பெரும்பாலும் தொடரலாம், பயாப்சிக்குத் தடையில்லை. குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை இருந்தால் எழுதிக்கொடுத்த இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். பிரஷர் மாத்திரை இருந்தால் அதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: மூன்று நாள் முன்பிருந்தே கீரை, முருங்கைக்காய், கொய்யா, தக்காளி விதை, கேழ்வரகு, கம்பு, கொண்டைக்கடலை கிடையாது. வெள்ளைச் சோறு, இட்லி, தயிர், முட்டை, முள்ளில்லாத மீன் போதும். முந்தின நாள் காலை இரண்டு இட்லியோடு நிறுத்திவிட்டு, பிறகு வடிகட்டிய ரசம், மோர்த்தெளிவு, இளநீர், பால் விடாத டீ. சர்க்கரை இறங்கினால் வடிகட்டிய ஆப்பிள் சாறு அல்லது குளுக்கோஸ் தண்ணீர். பீட்ரூட், மாதுளை, ரோஸ் கலர் எதுவும் கூடாது. உள்ளே ரத்தமா சாயமா என்று தெரியாது.

பவுடர் பி.இ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைக்கால்) வகையாக இருக்கட்டும். சிறிய பாட்டிலில் வரும் சோடியம் பாஸ்பேட் குடிக்கச் சுலபம்தான், ஆனால் அறுபது தாண்டியவருக்கும் கிட்னி, பிரஷர் மாத்திரை உள்ளவருக்கும் கிட்னியைக் கெடுக்கலாம். பாக்கெட் 137.15 கிராம் என்றால் 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மொத்தத்தையும் முந்தின நாள் இரவே குடித்து முடிக்கக் கூடாது. காலை 10 மணி ஸ்கோப் என்றால் மாலை 6 மணிக்கு முதல் லிட்டர், விடியற்காலை 4 மணிக்கு இரண்டாவது. கால் மணிக்கு ஒரு டம்ளர், 250 மி.லி. ஸ்கோப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும், மயக்க டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார். சர்க்கரை, தேன் கலக்காதீர்கள். குமட்டினால் அரை மணி நிறுத்தி மெதுவாகத் தொடருங்கள்; வாந்தி மாத்திரையை முன்கூட்டியே எழுதி வாங்கிவைத்தால் நல்லது. கடைசியில் போவது வெளிர் மஞ்சளில், கக்கூஸ் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். துகளோ கலங்கலோ இருந்தால் மறைக்காமல் போனவுடன் சொல்லுங்கள்.

ரத்தம் குறைந்த ஆள், ராத்திரி பத்து தடவை எழுந்து ஓடுவார். விளக்கை அணைக்காமல் விடுங்கள், கூடவே ஒருவர் இருக்கட்டும். இந்தச் சுத்தம் செய்வதில் விழுந்து இடுப்பு உடைவதும் நடக்கிறது. மயக்க மருந்து கொடுத்த பிறகு அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது.


கெடிலக்கரை:

மஞ்சக்குப்பத்தில் பார்த்தார்கள். ஆசனவாயிலிருந்து சுமார் 6 செ.மீ.யில் கட்டி தட்டுப்படுகிறது என்று எழுதி ஜிப்மருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய் ஸ்கோப்பை ரத்து செய்துவிட்டோம். இப்போது வெளியே எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா? கையோடு கொண்டுபோனால் சீக்கிரம் ஆகுமா?


உப்பனாறு:

இப்போதைக்கு ஸ்கேன் எதுவும் வேண்டாம். அவர்கள் எழுதித் தருவதற்கு முன்னால் நீங்களாக எடுத்தால் தப்பான ஸ்கேன் எடுத்துவிடுவீர்கள். கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை), ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, ஈ.சி.ஜி. இவ்வளவு இருந்தால் போதும். கிரியாட்டினின் இல்லாமல் காண்ட்ராஸ்ட் சி.டி. (ஊசியில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன்) கிடைக்காது, அதற்காகவே ஒரு நாள் திருப்பி அனுப்புவார்கள்.

அங்கே வரிசை இப்படி வரும்: பயாப்சி, முழு கொலனோஸ்கோப்பி, பிறகு நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் காண்ட்ராஸ்ட் சி.டி., இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. மலக்குடல் கட்டியில் எம்.ஆர்.ஐ.தான் வழியைத் தீர்மானிக்கிறது. கட்டி சுற்றுக் கொழுப்பில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, வெட்டும் விளிம்பைத் தொடுகிறதா என்று அதில்தான் தெரியும். தொட்டால் முதலில் கதிரும் கீமோவும், பிறகுதான் ஆபரேஷன். எம்.ஆர்.ஐ. பார்க்காமல் முதலிலேயே வெட்டிவிட்டால் பின்னால் சரிசெய்ய முடியாது.

காசு செலவழிக்க மனமிருந்தால் அதற்கான இடமும் இதுதான். எம்.ஆர்.ஐ.க்குத் தேதி ரொம்பத் தள்ளிக் கொடுத்தால், அங்குள்ள டாக்டரிடம் கேட்டுக்கொண்டே வெளியே எடுங்கள். சீட்டில் "ரெக்டல் புரோட்டோகால்" (மலக்குடலுக்கென்றே படமெடுக்கும் முறை) என்று எழுதி வாங்க வேண்டும்: டி2 படம், 3 மி.மீ. துண்டு, கட்டியின் அச்சுக்கு நேர்குறுக்காக. வெறும் "வயிறு இடுப்பு எம்.ஆர்.ஐ." என்று எடுத்தால் படம் அழகாக இருக்கும், கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்காது. படச்சுருள் மட்டும் போதாது, கம்ப்யூட்டரில் போடும் தட்டில் டைகாம் என்ற ஸ்கேன் பட வடிவத்தில் கேளுங்கள். தட்டு திறக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

ஜிப்மரில் நாளாகும் என்று முதலில் எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் சந்தேகம் என்று அனுப்பியதிலிருந்து 28 நாளுக்குள் கேன்சர் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு வாரம் முன்பின் ஆவதால் நோய் நிலை மாறிவிடாது. ஒரு மாதம் தாண்டியும் பயாப்சி எடுக்கவில்லை என்றால் அப்போது வெளியே ஸ்கோப், இல்லாவிட்டால் காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை அல்லது சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று யோசிக்கலாம்.


தேவனாம்பட்டினம்:

கிளம்பும் முன் ஒன்று. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம். அங்கே ஓபி விடுமுறை மத்திய அரசுப் பட்டியல்படி. தமிழ்நாட்டு விடுமுறையும் அதுவும் ஒன்றல்ல, பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். பதிவு காலையில்தான், கடலூரிலிருந்து முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்தால் நல்லது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜிப்மர் இருக்கும் கோரிமேடு போகும் டவுன் பஸ் கிடைக்கும். ஆதாரில் உள்ள பெயரும் காப்பீட்டு அட்டையில் உள்ள பெயரும் எப்படி இருக்கிறதோ, மருத்துவமனை எண் போடும்போது இனிஷியல் உட்பட அப்படியே சொல்லுங்கள். அந்தச் சீட்டில் விழும் ஒரு எழுத்துப்பிழைக்கு மூன்று மாதம் கழித்துக் காப்பீட்டு அனுமதி நிற்கும். கடிதம், பழைய மூல மாத்திரைச் சீட்டு, ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். ஒரிஜினலை எந்த கவுன்ட்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள். முதல் நாளே விரல் பரிசோதனையும் பயாப்சியும் இருக்கலாம், காலையில் சாப்பிடலாமா, சர்க்கரை மாத்திரை போடலாமா என்று கடிதம் கொடுத்த டாக்டரிடமே இன்றைக்குக் கேட்டுவையுங்கள்.